ஸ்கேன் நார்மல் என்ற பிறகு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெற்றோர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மூளைக்கு ஒன்றும் இல்லையே, டாக்டர்? நாங்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஸ்கேன் நார்மல். காஞ்சிபுரம் போன்ற ஓர் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பச்சிளங்குழந்தைகளைப் பார்த்துவந்ததில், எங்கள் தொழிலில் அதிக ஆறுதல் தந்த பதிலும் அதிகத் தீங்கு செய்த பதிலும் இதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பதில் பொய்யல்ல. உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அந்த அல்ட்ராசவுண்டில் ரத்தக்கசிவு இல்லை, நீர்க்கட்டு இல்லை என்பது உண்மையாகவே நல்ல செய்தி. ஆனால் குறைமாதக் குழந்தையின் மூளைக்கு வரும் இடர்களில் பெரும்பகுதி அந்தத் திரையில் தெரியாத வகையைச் சேர்ந்தது. அது கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்வரை ஆகும். நாங்களோ மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளோடு கணக்கை முடித்துவிடும்படி எல்லாவற்றையும் அமைத்துவைத்திருக்கிறோம்.

ஏன் அப்படி அமைத்தோம் என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. தொண்ணூறுகளில் மாவட்ட ஊர்களில் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே ஒரு குழந்தை பிறந்தால் அதன் மூளையைப் பற்றி யாரும் பேசியதில்லை. சூடு காப்பதுதான் அன்றைய வைத்தியம். பஞ்சு சுற்றுவோம், மரப்பெட்டியில் மின்விளக்கு எரியவிடுவோம், மூக்குக் குழாய் வழியாகத் தாய்ப்பால் சொட்டவிடுவோம். மூச்சு திணறினால் சென்னை எழும்பூருக்கு அனுப்ப வேண்டும். 75 கிலோமீட்டர். வாடகைக் காரில், ஆக்சிஜனும் சூடும் இல்லாமல் போகும் பயணத்தில் பல குழந்தைகளின் கதை பூந்தமல்லிக்கு முன்பே முடிந்துவிடும். பிழைக்குமா என்பது மட்டுமே கேள்வியாக இருந்த காலத்தில், எப்படிப் பிழைக்கும் என்று கேட்பது ஆடம்பரம். பிறகு ஒவ்வொன்றாக வந்தன: 2008இல் 108 ஆம்புலன்ஸ், அதற்கடுத்த ஆண்டுகளில் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவுகள், மூச்சுப்பை விரியவைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து, குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்காமலே காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி, 2014 முதல் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி. 2020இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. இந்தியாவின் சராசரி அப்போது 28. இந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வெற்றிதான் புதிய கேள்வியைக் கொண்டுவந்தது. அதே 2020இல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. முன்பு போய்விட்டிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள்.

கருப்பையின் கடைசி மூன்று மாதத்தில் மூளையில் நடப்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 24 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும். மடிப்புகள் எல்லாம் அதற்குப் பிறகு விழுபவை. 34 வாரத்தில்கூட மூளையின் எடை, நிறைமாத மூளையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்தக் காலத்தில் மூளைக்குள்ளிருக்கும் நீரறைகளின் ஓரமாகப் புதிய செல்கள் பிறக்கும் ஒரு படுகை இருக்கிறது. அதன் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அவை உடைந்து கசியும். பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள். இதை அல்ட்ராசவுண்ட் அழகாகக் காட்டிவிடும். அதற்கு நான்கு படிநிலைகளும் வகுத்தாகிவிட்டது. கடினமானது இரண்டாவது வகை. நரம்பிழைகளுக்குக் கொழுப்புறை போடும் செல்கள் 23 முதல் 32 வாரம் வரை முதிராத நிலையில் இருக்கும். ஆக்சிஜன் குறைவு, ரத்த ஓட்டக் குறைவு, கிருமித்தொற்றால் எழும் அழற்சி ஆகியவற்றுக்கு அவை எளிதில் பலியாகும். கூட்டமாகச் செத்தால் வெண்பொருளில் ஓட்டை விழும், திரையில் தெரியும். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் நீரறைக்கு அருகில் ஓடுவதால், அத்தகைய குழந்தைகளுக்குக் கைகளைவிடக் கால்களே அதிகம் விறைக்கின்றன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தாலோ, சாகாமல் வளர்ச்சி மட்டும் நின்றுபோனாலோ ஓட்டை விழாது. மூளை சற்றே சிறியதாக, இணைப்புகள் சற்றே குறைவாக வளரும். பாஸ்டன் நரம்பியல் மருத்துவர் ஜோசப் வோல்ப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தது இதைத்தான்: குறைமாத மூளையின் சிக்கல் பாதி சேதம், பாதி தடைப்பட்ட வளர்ச்சி. பெரிய ஓட்டைகள் இன்று அரிதாகிவிட்டன. எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தப் பரவலான வகை. அதற்கு ஸ்கேன் நார்மல்தான்.

இது ஊகமா என்று கேட்கலாம். 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, குறைமாதத்தில் பிறந்து பள்ளி வயதை எட்டிய குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு, நிறைமாதக் குழந்தைகளைவிடச் சராசரியாக ஏறத்தாழ 11 புள்ளி குறைந்திருப்பதைக் காட்டியது. கவனச் சிதறல் கோளாறு இரண்டு மடங்குக்கு மேல். 2018இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, 1990க்குப் பிறகு பிறந்த மிகக் குறைமாதக் குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. இடைவெளி சுமார் 13 புள்ளி. இத்தனை கருவிகள் வந்த பின்னும் அந்த இடைவெளி சுருங்கியதற்கான தடயம் இல்லை. மேல்நாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்பவர்களுக்குப் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சுதா சௌதரி குழுவினர் செய்ததைச் சொல்வேன். எண்பதுகளின் கடைசியில் 2 கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைகளை அவர்கள் 18 வயதுவரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இயல்பான வரம்புக்குள்தான் இருந்தார்கள், ஆனால் ஒப்பிட எடுத்த பிள்ளைகளைவிடக் கீழே. கண்ணால் பார்த்ததைக் கையால் செய்வதிலும் கணக்கிலும் தடுமாற்றம். படுக்கையில் கிடக்கும் குழந்தைகள் அல்ல இவர்கள். 'மக்கு', 'சோம்பேறி' என்று பெயர் வாங்கி, ஏன் என்று யாருக்கும் தெரியாமல் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய பிள்ளைகள்.

எங்கள் தொழிலின் சொந்த வரலாறே இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி. நாங்கள் நல்லது என்று நம்பிச் செய்தவை கெடுதல் என்று தெரியவந்தது எப்போதும் வார்டில் அல்ல, பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் பாரிக்கும் குழந்தைக்கு அதைத் தாராளமாகத் திறந்துவிடுவதே கருணை என்று நினைத்த காலம் உண்டு. அதிக ஆக்சிஜன் விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கோணலாக வளரச்செய்து பார்வையைப் பறிக்கும் என்பது 1950களிலேயே வெளிநாடுகளில் தெரிந்துவிட்டது. நம் ஊர்களில் அளவுக் கருவியும் கலக்கும் கருவியும் பரவலாகத் தாமதமானது. 1996இல் குறைமாதத்தில் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை இழந்த ஒரு பெண்ணுக்கு சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி 2015இல் உச்ச நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டபோதுதான் பல மருத்துவமனைகளில் கண் பரிசோதனை கட்டாயமானது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் கதை இன்னும் கூர்மையானது. தொண்ணூறுகளில் வெண்டிலேட்டரிலிருந்து விடுபடாத குழந்தைக்கு அதைப் பிறந்த சில நாட்களிலேயே கொடுப்பது உலகெங்கும் வழக்கம். இரண்டே நாளில் குழாயை எடுத்துவிடலாம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்தக் குழந்தைகள் நடக்கவேண்டிய வயது வந்தபோது அவர்களில் பெருமூளை வாதம் கூடுதல் என்று தெரிந்தது. 2002இல் அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் அந்த வழக்கத்துக்கு எதிராக அறிக்கை விட்டன. அதே மருந்தைப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசியாகப் போட்டால் குழந்தையின் நுரையீரலையும் மூளையையும் காக்கிறது. 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் இதே வகை ஸ்டீராய்டு ஒன்றைக் கொண்டு தொடங்கிவைத்த வழி அது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 6 மில்லிகிராம், நான்கு தடவை. 2014இல் மத்திய அரசு இதைக் கிராம சுகாதார செவிலியரே தொடங்கலாம் என்று அனுமதித்தது. காபியில் இருக்கும் காஃபீன்கூட, மூச்சு நின்றுபோவதைத் தடுக்க என்றுதான் கொடுக்கப்பட்டது (டிகிரி காபிக்குப் பெருமை பேசும் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி). அது பெருமூளை வாதத்தையும் 7.3 சதவீதத்திலிருந்து 4.4ஆகக் குறைத்தது என்பது குழந்தைகளை ஒன்றரை வயதுவரை பார்த்த பிறகே தெரிந்தது. கெடுதலோ நன்மையோ, எதையும் முதல் மாத ஸ்கேன் எங்களுக்குச் சொன்னதில்லை.

இதுவரை சொன்னது மிகச் சிறிய குழந்தைகளைப் பற்றி. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் வேறு: 34 முதல் 36 வாரத்தில், இரண்டு, இரண்டரைக் கிலோவில் பிறப்பவர்கள். இவர்களைக் குறைமாதம் என்றே வீடுகள் ஏற்பதில்லை. 'ஒன்பது மாசம் முடிஞ்சுதானே பொறந்துது?' நம் கணக்கில் கர்ப்பம் பத்து மாதம், மாதத்துக்கு நான்கு வாரம். அப்படியானால் ஒன்பது மாதம் முடிந்தது என்பது 36 வாரம்தான். ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்ற நம்பிக்கை வேறு. ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றிய இந்த அச்சம் உண்டு, எனவே நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை. உண்மையில் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிட மேல், இடையில் பள்ளம் எதுவும் கிடையாது. இந்தக் குழந்தைகளுக்கு மூளை ரத்தக்கசிவு அரிது, ஸ்கேனே எடுப்பதில்லை. ஆனால் சப்பி உறிஞ்சத் தெம்பிருக்காது, சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலை ஏறும். பிறந்த முதல் நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கிக் கிடந்தால் மூளையின் பின்பகுதி அடிபடும். கைக்குழந்தைப் பருவத்தில் வரும் கடுமையான வலிப்புக்கு இது முக்கியமான காரணம் என்று மும்பை உள்ளிட்ட இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சேனை தொட்டுவைப்பதும் கழுதைப்பால் புகட்டுவதும் முதல் தாய்ப்பாலைத் தள்ளிப்போடும்போது, அந்த ஓரிரு மணி நேரம் நிறைமாதக் குழந்தைக்குப் பெரிதல்ல, இந்தக் குழந்தைக்குப் பெரிது.

கோயில் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. மருத்துவக் காரணத்துக்காகச் சீக்கிரம் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ரத்த அழுத்தம் ஏறிய தாயின் வயிற்றில் காத்திருப்பது குழந்தைக்கும் ஆபத்து. பஞ்சாங்கம் பார்த்து, நட்சத்திரத்துக்காக 37ஆவது வாரத்தில் எடுப்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் பதிவுகளை 2010இல் ஆராய்ந்தபோது, சிறப்புக் கல்வி தேவைப்படுவது பிறந்த வாரம் குறையக் குறையப் படிப்படியாகக் கூடியது. 37 முதல் 39 வாரத்தில் பிறந்தவர்களுக்குத் தனித்தனியாக ஆபத்து சிறிது, ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால், மொத்தத்தில் குறைமாதக் குழந்தைகளைவிட அதிகமான சிறப்புக் கல்வித் தேவை அவர்களிடமிருந்தே வந்தது. நல்ல நாள் பார்ப்பவர்கள் 39 வாரம் முடிந்த பிறகு உள்ள நாட்களில் பார்த்துக்கொள்ளட்டும், பஞ்சாங்கத்தில் அங்கேயும் நட்சத்திரங்கள் இருக்கின்றன.

வீட்டுக்குப் போன குழந்தையில் தெரியும் முதல் அறிகுறிகள் பல நேரம் பெருமையாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஐந்தாம் மாதத்தில் கைப்பிடித்துத் தூக்கினால் கால்களை விறைத்து 'நிற்கும்' குழந்தையை, குறைமாதமாகப் பிறந்தும் என்ன தெம்பு என்று மெச்சுவார்கள். அந்தத் தெம்பு பெரும்பாலும் தசை விறைப்பு. ஒரு வயதுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே கையால் எடுத்தால் வலக்கைப் பழக்கம் வந்துவிட்டது என்பார்கள். மற்ற கை வேலை செய்யவில்லையோ என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். கழுத்தும் முதுகும் விறைத்து அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டக் கொடுப்பார்கள். அதிலேயே மாதங்கள் போகும். இதற்கு நேரெதிராக, வயதைத் திருத்திக் கணக்கிடத் தெரியாமல் வீணாகக் கலங்குபவர்களும் உண்டு. 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் ஆறு மாதம், வளர்ச்சிக் கணக்கில் மூன்றரை மாதம்தான்.

பின்தொடர்தல் ஏன் அறுந்துபோகிறது என்பதற்கு 'அறியாமை' என்ற பதிலை நான் ஏற்பதில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில். குழந்தை பிறந்து, பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில் தேறி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தந்தை வீட்டுக்குப் போகும். விறைப்பும் தாமதமும் வெளிப்படத் தொடங்கும் அதே மாதங்களில், குழந்தையைத் தெரிந்த மருத்துவரும் செவிலியரும் வேறு ஊரில் இருப்பார்கள். வளைகாப்புப் போட்டு அழைத்துவருவது அன்பான வழக்கம், கலைக்கவேண்டியதில்லை. எங்கள் பதிவேடுதான் ஒரே முகவரியோடு நிற்கிறது. பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் வீட்டை யோசித்துப் பாருங்கள். உடலும் கரையும் வேறு நிறமாக நெய்வதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் கணவனின் தறியும் நிற்கும். கூலி சேலைக் கணக்கு, நாள் கணக்கு அல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு, நிரந்தர வேலை என்றால், 2017 திருத்தச் சட்டப்படி 26 வார விடுப்பு. 30 வாரத்தில் பெற்றவளுக்கு அது முடியும்போது குழந்தையின் திருத்திய வயது நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்கேன் நார்மல் என்று நாங்களே சொல்லி அனுப்பிய பின், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் எதற்காக வரவேண்டும்?

இப்படிப் பேசினால் பெற்றோரைப் பயமுறுத்துவதாகும், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று சக மருத்துவர்களே சொல்வார்கள். 'எங்க பெரியப்பா ஏழு மாசத்துப் பிள்ளை, ஹெட்மாஸ்டரா ரிடயர் ஆனார்' என்பார்கள் உறவினர்கள். பெரியப்பா காலத்தில் பிழைத்தவர்கள் வலுவானவர்கள் மட்டுமே. பிழைக்காதவர்களைப் பற்றிக் குடும்பப் பேச்சு இருக்காது. பெரும்பாலானோர் நன்றாக இருக்கிறார்கள் என்பது முழு உண்மை, அதையே முதலில் சொல்லவேண்டும். அடுத்த வாக்கியமாக, யார் அந்தப் பெரும்பான்மையில் இருப்பார் என்று இன்றைக்குத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பெற்றோர் கலங்குவதைவிட அதிகமாகக் கவனிக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடாதா என்பது இன்னொரு கேள்வி. அது கூடுதலாகக் காட்டும், ஆனால் ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுக்கு இல்லை. எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வழக்கமாக எடுக்கவேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை.

கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: கண்டுபிடித்துத்தான் என்ன செய்யப்போகிறீர்கள், செத்த செல் திரும்புமா? திரும்பாது. ஆரம்பப் பயிற்சித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பலன் கலவையாகவே இருக்கிறது. பள்ளிக்கு முந்தைய வயதுவரை அறிவு வளர்ச்சியில் முன்னேற்றம் உண்டு, உடலசைவில் பலன் சிறிது, பள்ளி வயதில் அந்த முன்னேற்றம் நிலைத்ததற்கு உறுதியான சான்று இல்லை. இதை மறைக்கக்கூடாது. ஆனால் கண்டுபிடிப்பதன் பலன் பயிற்சி மட்டுமல்ல. விறைப்பு தெரிந்தால் இடுப்பு மூட்டு விலகுமுன் காக்கலாம். காது கேளாமை தெரிந்தால் பேச்சு போகுமுன் கருவி வைக்கலாம். கணக்கு வராத பிள்ளையை அடிக்காமல் இருக்கலாம். மூளை வளர்ச்சி நின்றுபோவது பாதிச் சிக்கல் என்றால் அந்தப் பாதி இன்னும் நம் கையில் இருக்கிறது. தாய்ப்பாலும் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு முறையும் இங்கேதான் வருகின்றன. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாததால் தொடங்கியது அது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற, 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே தொடங்கினால் 28 நாளுக்குள் நேரும் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12.0ஆகக் குறைந்தது. பொகோட்டாக் குழந்தைகளை 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது படபடப்பும் முரட்டுத்தனமும் அவர்களிடம் குறைவாக இருந்தன.

வறுமைதான் காரணம், குறைமாதம் அல்ல என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. தாயின் படிப்பும் வீட்டின் பேச்சும் பிள்ளையின் அறிவு வளர்ச்சியில் மிகப் பெரிய பங்கு வகிக்கின்றன, சில ஆய்வுகளில் பிறந்த வாரத்தையும் மிஞ்சும் அளவுக்கு. ஆனால் இலவச மருத்துவமும் நல்ல பள்ளியும் உள்ள நாடுகளிலும் அந்தப் புள்ளி இடைவெளி இருக்கிறது. இரண்டும் ஒரே குழந்தைமேல் விழும்போது சுமை கூடுகிறது. நெசவாளர் குடும்பத்துக் குழந்தையை அடிக்கடி பார்க்கவேண்டும் என்பதற்குத்தான் இது காரணமாகும், கைவிடுவதற்கு அல்ல.

2013 முதல் மாவட்டந்தோறும் ஆரம்பகாலத் தலையீட்டு மையம் என்ற ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. கட்டடமும் பிசியோதெரபிஸ்டும் இருக்கும் இடத்திலும் குழந்தை வந்துசேர்வதில்லை. வரவைப்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் தாய் வீடு, தந்தை வீடு இரண்டின் முகவரியும், இரண்டு ஊர்ச் சுகாதார செவிலியரின் பெயரும், திருத்திய வயதில் வரவேண்டிய தேதிகளும் எழுதலாம். ஆஸ்திரிய மருத்துவர் ஹெய்ன்ஸ் பிரெக்டல் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. திருத்திய வயது மூன்று மாதம் வாக்கில், விழித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கை, கால், கழுத்தில் ஓயாத சிறு நெளிவுகள் இருக்கவேண்டும். அவை இல்லாவிட்டால் பெருமூளை வாதத்துக்கான ஆபத்து மிக அதிகம். இதற்குத் தேவை சில நிமிட வீடியோவும் பழகிய ஒரு கண்ணும். தறி நிற்காமல், பாய் விரித்துப் பாட்டி செல்போனில் எடுத்து அனுப்பலாம். குழந்தை அழாமல் இருக்கவேண்டும், வாயில் ரப்பர் இருக்கக்கூடாது, கால்கள் மறையாமல் சட்டை போட்டிருக்கவேண்டும், எடுப்பவர் குழந்தையோடு பேசக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் பாட்டிகளுக்குக் கஷ்டம்.